முகவரிகளை நாம்தான் கொடுத்தோம்

அன்புள்ள ஸ்டெல்லா அக்கா,

இன்று காலை எழுந்ததும், காபிகூடப் போடாமல், நம் மனுவோடு இணைத்த முகவரிப் பட்டியலின் கார்பன் நகலை ஸ்டவ்வில் காட்டி எரித்தேன். அசல் எப்போதோ தில்லிக்குப் போய்விட்டது. நகலை எரித்து என்ன பயன்?

முகாமுக்கு வெளியே வாடகை வீடுகளில் இருக்கும் இலங்கை அகதிகளை இங்கேயே இருக்க விடுங்கள், பிள்ளைகளைப் படிக்க விடுங்கள் என்றுதானே கேட்டோம். "பாராளுமன்றத் தேர்தல் வருது மல்லிகா, இப்பக் கேட்டாதான் காதுல விழும்" என்றாய். ஓட்டுக் கேட்டு ஆவடிக்கு வந்த கட்சிக்காரர்களையெல்லாம் மடக்கிக் கையெழுத்து வாங்கினாய். வாக்குப்பதிவுக்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டாய்.

அதன்பின் நடந்தது உனக்குத் தெரியாது. பிரசாரத்துக்கு வந்த தலைவரைக் குண்டு வைத்துக் கொன்றுவிட்டார்கள் அக்கா, பூந்தமல்லியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில். இலங்கைத் தமிழர்கள் செய்தது என்று தெரிந்ததும் தெருவே மாறிவிட்டது.

நம் வட்டச் செயலாளர் கஜேந்திரன் வாசலில் வந்து நின்றார். "டீச்சர், அந்த மனுவுல என் பேரு கீதே, அத்த அடிச்சுடு."

"மொதக் கையெழுத்தே உங்களுதுதானே?"

"அது எலெக்‌ஷன் கையெழுத்து டீச்சர். அத்தப் போயி பத்திரம் மாறி வச்சிக்கினு கீறியே."

நேற்று அண்ணனூரிலிருந்து யோகா வந்தாள். நாம் பிளஸ் டூ வரை படிக்க வைத்த அகதிப் பெண். போலீஸ் கையில் ஒரு பட்டியல் தாளோடு அவள் வீடு தேடி வந்திருக்கிறது. அதில் யார் எந்த வகுப்புப் படிக்கிறார்கள் என்றுகூட இருந்ததாம். பயந்துபோன வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். உள்ளூர்க்காரர் யாராவது இடம் கொடுத்துப் பொறுப்பு எழுதித் தராவிட்டால் அவளும் அம்மாவும் முகாமுக்குப் போகவேண்டும். அங்கிருந்து கப்பலில் திருப்பி அனுப்புவார்கள் என்று பேச்சு.

"டீச்சர், எங்கட விலாசம் அவைக்கு எப்பிடித் தெரிஞ்சது?" என்று கேட்டாள்.

வகுப்புகளைப் போட்டால்தான் மனு வலுவாக இருக்கும் என்று சொன்னவள் நான். தட்டச்சு செய்தவளும் நான். நம் தாள்தான் அங்கே போனதா? யாரிடம் கேட்பது? அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.

நாளை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். இருவரும் என் வீட்டில்தான் இருப்பார்கள், பொறுப்பு நான் என்று எழுதித் தரப் போகிறேன். வேலைக்கு ஆபத்து வரலாம். வீட்டில் அவருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. யோகாவின் கேள்விக்கும் நானே பதில் சொல்வேன், அக்கா. உன்மேல் பழி போடமாட்டேன்.

உன் கூடப் பிறக்காத தங்கை,
மல்லிகா