சந்திரகிரி வண்டிக்குத் திருமஞ்சனம்

22 பிப்ரவரி 1960, திங்கள்

எல்லை அளந்து முடித்துவிட்டார்களாம். திருத்தணி அந்தப் பக்கம், சத்தியவேடு இந்தப் பக்கம். அளந்த ஆபீசுக்கு இனி வேலை இல்லை, அந்த ஆபீஸ் ஜீப்புக்கு வேலை இல்லை, ஜீப்பை ஓட்டிய என் ஆத்துக்காரருக்கும் வேலை இல்லை. சென்னையா ஆந்திராவா, எது வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லி ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். மார்ச் முப்பத்தொன்று கடைசி நாள். சென்னை என்று எழுதினால் ராமநாதபுரமாம், ஆந்திரா என்றால் ஸ்ரீகாகுளமாம். திருப்பதி என்று எழுத அதில் இடமே விடவில்லை.

நான் எங்கும் போவதாக இல்லை. பதினாலு பெண்கள் என்னிடம் பாட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். மூன்று பேருக்குச் சுருதி சேரவே சேராது. அவர்களையும் விட மனசில்லை.

24, புதன்

சொந்தமாக ஒரு பழைய வண்டி வாங்கி, யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய் வரலாம் என்கிறார். சொல்லும்போது முகத்தைப் பார்க்கவேண்டுமே! பதினாறு வருஷமாக அடுத்தவன் வண்டி ஓட்டிய மனுஷர். ஆபீசில் எந்த வண்டி மக்கர் பண்ணினாலும் "வேங்கடேசனைக் கூப்பிடு" என்பார்கள். சத்தத்தை வைத்தே நோய் சொல்லிவிடுவார். ஆகவே ஏமாற மாட்டோம் என்று நம்பி, என் காசு மாலையையும் ஒட்டியாணத்தையும் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் எங்களிடம் விற்க ஒன்றும் கிடையாது.

28, ஞாயிறு

சந்திரகிரிக்குப் போய் வண்டி பார்த்தோம். தரகர் பெயர் கங்கையா. வண்டி குட்டி வண்டி, நாலு பேர் உட்காரலாம், முப்பத்தெட்டாம் வருஷத்தது. பெட்ரோல் குடிக்காதாம்.

முன்னால் இன்ஜின் மூடி முழுக்க ஒரு நாமம். திருமண்ணைக் குழைத்து விரல் கனத்துக்குச் சாத்தியிருக்கிறான். இடது கதவில் சங்கு, வலது கதவில் சக்கரம். மஞ்சள், குங்குமம், துளசி மாலை, ஊதுவத்தி. "சாமி, இது பெருமாள் வண்டி. மலைக்கு ஏறிக்கினே இருந்த வண்டி. நூத்தியெட்டு வாட்டி ஏறிக்குது!" என்றான் கங்கையா.

எங்கள் நிபுணர் என்ன செய்தார்? செருப்பைக் கழற்றினார். வண்டியை மூன்று சுற்று பிரதட்சிணம் வந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், பரிசோதனை முடிந்தது.

"இன்ஜினைத் திறந்து பார்க்கலையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நாமத்து மேல கையை வெச்சு எப்படிடி தூக்கறது?"

1 மார்ச், செவ்வாய்

கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது. டயர் எப்படி என்றால், "சக்கரத்தாழ்வார் இருக்கார்" என்கிறார். புகை வருமா என்றால், "ஊதுவத்தி வாசனைதான் வந்தது." இந்த மனுஷரா சத்தத்தில் நோய் கண்டுபிடிப்பவர்?

6, ஞாயிறு

மறுபடி போனோம். இரண்டாவது சேவை. இந்தத் தடவை கங்கையா சர்க்கரைப் பொங்கல் கொடுத்தான். அதுவும் நன்றாக இருந்து தொலைத்தது.

14, திங்கள்

பக்கத்து வீட்டு ஸத்யபாமா வந்தாள். பேச்சுவாக்கில் சொன்னேன். "சந்திரகிரி கங்கையாவா? குட்டி வண்டியா? எங்க மச்சினர் தை மாசம் பார்த்துட்டு வந்தாரே. எவ்வளவு அழகா எங்க நாமம் சாத்தியிருந்தான் தெரியுமோ!"

எங்க நாமம் என்றாளே, அங்கேதான் பிடித்துக்கொண்டேன். பாமா வடகலை, நாங்கள் தென்கலை. எங்கள் நாமத்துக்கு மூக்கில் பாதம் உண்டு, அவர்களுடையதற்குக் கிடையாது. நான் பார்த்த வண்டியில் பாதம் இருந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, இவர் அந்தப் பாதத்தைத் தொட்டுத்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆக, ஆளுக்குத் தகுந்த நாமம். யார் வருகிறார் என்று விசாரித்துவிட்டு முதல்நாளே சாத்திவிடுகிறான். நூற்றியெட்டு தடவை மலை ஏறிய வண்டி எத்தனை தடவை கலை மாறியதோ!

இவரிடம் சொன்னேன். "இரண்டும் பெருமாளுக்குத்தானே" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

15, செவ்வாய்

அந்த மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது?

16, புதன்

துடைக்கச் சொன்னால் பாவம் என்பார். சுரண்டினால் ஊரே கூடிவிடும். என்ன செய்வது... இன்று பாட்டு வகுப்பில் எந்தப் பெண் எந்த ஸ்வரம் பாடினாள் என்றே தெரியவில்லை. படிவம் அலமாரியில் கிடக்கிறது. இன்னும் பதினைந்து நாள்.

17, வியாழன்

அசடு! நாற்பது வருஷம் திருப்பதியில் இருந்துகொண்டு இது தோன்றவில்லையே. இன்று என்ன கிழமை? மலைமேல் பெருமாளுக்கே இன்று நாமத்தைக் குறைத்துவிடுவார்கள். நாளை வெள்ளிக்கிழமை திருமஞ்சனம். அதற்கப்புறம்தான் புதிதாகச் சாத்துவார்கள்.

இவரிடம் போய், "பெருமாள் வண்டியை வாங்கறதுக்கு முன்னாடி திருமஞ்சனம் பண்ண வேண்டாமான்னா?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். கண்ணில் ஜலம் வந்துவிட்டது அவருக்கு. பச்சைக் கற்பூரம் வாங்கக் கடைக்கு ஓடினார். சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் போய் நின்றேன்.

18, வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதவேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

என்னோடு பாசுரம் சொல்லும் பாராயண கோஷ்டிப் பெண்கள் ஆறு பேர், ஆளுக்கொரு செப்புக் குடத்தோடு சந்திரகிரிக்கு வந்தார்கள். பாமாவும் வந்தாள், நாமத்தில் பாதம் இருக்கிறதா என்று பார்க்க. கங்கையா எங்கள் குடங்களைப் பார்த்ததும் வெளுத்துப்போனான்.

"இன்னாத்துக்கும்மா தண்ணி?"

"திருமஞ்சனம். நீங்கதானே பெருமாள் வண்டின்னு சொன்னேள்?"

"ரெண்டு சொட்டு தெளிச்சா போதும்மா, பெருமாள் ஒத்துக்குவாரு!"

"ரெண்டு சொட்டிலே யாராவது குளிப்பாளா?" என்றாள் பாமா. சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கோஷ்டி பாசுரம் ஆரம்பித்துவிட்டது. கங்கையா ஓரமாக ஒதுங்கிவிட்டான்.

முதல் குடத்தை இவரே ஊற்றினார். மூன்றாவது குடத்தில் நாமம் கரைந்தது. பார்த்தால் மூடியில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல், உள்ளே அரக்கு. ஐந்தாவது குடத்தில் சங்கு வழிந்தது. கூடவே தோசை அளவுக்கு ஒரு துண்டு மண் பொத்தென்று விழுந்தது. கதவில் ஓட்டை! சக்கரத்துக்குப் பின்னாலும் அதே கதை. சக்கரத்துக்குப் பின்னாலும் அதே கதை. பாசுரம் பாதியில் நின்றுவிட்டது.

நான் ஜெயித்துவிட்டேன். சிரிக்கவேண்டும். ஆனால் அழுகை வந்துவிட்டது. இன்னும் பதிமூணு நாள்தான் இருக்கு, வேற வண்டிக்கு எங்கே போறது? ஸ்ரீகாகுளத்துக்குப் போய் யாருக்கு நான் பாட்டுச் சொல்லிக்கொடுப்பேன்? புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன்.

அப்போது டங் என்று ஒரு சத்தம். பார்த்தால், இவர் மூடியைத் தூக்கிவிட்டார். மேல்வேஷ்டியைக் கழற்றி இடுப்பில் கட்டியாகிவிட்டது. ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஸ்டார்ட் பண்ணு" என்றார். கங்கையாவுக்கு உத்தரவு! ஆயில் கம்பியை இழுத்து முகர்ந்தார். அணைக்கச் சொல்லி, முன்னால் கம்பியை மாட்டிக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் ஆட்டினார். அந்தச் சேற்றில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அரைமணி நேரம் வரவே இல்லை.

வெளியே வந்தபோது நெற்றியில் நாமம் இல்லை, கரிதான் இருந்தது. என்னைத் தனியே கூப்பிட்டார். "பாடி பூரா ஓட்டை. இன்ஜினை யாரோ மகராஜன் தங்கமா வெச்சிருந்திருக்கான். இந்தப் படுபாவிக்கு அது தெரியவே இல்லை."

பிறகு கங்கையாவிடம் திரும்பி, "ஓட்டைக்கு என்ன விலை சொல்றே?" என்று உரக்கக் கேட்டார். ஆறு குடத்துக்காரிகளும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்கள். கங்கையா சொன்ன விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

இவரை நான் கல்யாணம் பண்ணிக்கொண்டது சரிதான்.

19, சனி

காசு மாலை போயிற்று. ஒட்டியாணம் பிழைத்தது. வண்டி வாசலில் நிற்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை.

31, வியாழன்

படிவத்தில் இரண்டு இடத்தையும் அடித்துவிட்டு, வேலை வேண்டாம் என்று தெலுங்கில் எழுதிக் கொடுத்துவிட்டார். வாங்கிய குமாஸ்தா, "எந்துகு சாமி?" என்று காரணம் கேட்டாராம். இவர் ஜன்னல் வழியாக வண்டியைக் காட்டினாராம். குமாஸ்தா எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை யோசிக்கச் சொன்னாராம்.

23 ஏப்ரல், சனி

விடிகாலையில் விழுப்புரத்துக்காரர்கள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு முதல்முறையாக மலைக்குப் போனார். நாள் முழுக்க எனக்குப் பாட்டு ஓடவில்லை. பெண்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானத் தபாலில் கனத்த சர்க்கார் உறை ஒன்று வந்தது. ராஜினாமா போய்ச் சேருவதற்கு முன்பே தட்டச்சு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஸ்ரீகாகுளத்தில் மே முதல் தேதி சேர வேண்டுமாம்.

சாயங்காலம் வந்தார். ஒரு சொம்பு தீர்த்தம் குடித்தார். "ஏறிடுத்து" என்றார்.

உறையை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், படிக்கவில்லை. எடை பார்ப்பதுபோல் கையில் வைத்துக்கொண்டு, "இடது கதவு திருப்பத்துக்குத் திருப்பம் கடகடன்னு ஆடறதுடி. கனமா ஏதாவது காகிதம் கிடைக்காதான்னு வழியெல்லாம் யோசிச்சிண்டே வந்தேன்" என்றார்.

நாலாக மடித்துச் சொருகினோம். கச்சிதமாக இருக்கிறது.