கலாவுக்கு டச்சில் சொன்ன பதில்

என் அருமை அக்கா,

உன் கலா வந்துவிட்டாள். இரண்டு வயதில் ஹாலந்துக்காரத் தம்பதிக்குத் தத்துக் கொடுத்தாயே, அதே கலா. போன ஞாயிற்றுக்கிழமை நம் முடிச்சூர் வீட்டு வாசலில், உன்னைவிட ஒரு முழம் உயரமாக, உன் மூக்கோடு வந்து நின்றாள்.

வருகிறேன் என்று அவள் கடிதம் வந்ததிலிருந்தே எனக்குக் கவலை. எதிர்வீட்டு ஸ்டெல்லா குரோம்பேட்டையில் தோல் ஏற்றுமதி ஆபீசில் டைப்பிஸ்ட். அங்கே வரும் ஹாலந்துக்காரர்களிடம் பழகி டச்சு பேசுவாள். அவள் மொழிபெயர்ப்பாள், சரி. சொந்தச் சித்தி ஊமையாக நிற்கலாமா? எனக்கும் கற்றுக்கொடு என்று ஸ்டெல்லாவைப் பிடித்தேன்.

"மொதல்ல எதைக் கத்துக்கறீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள். சாப்பிடுவதைத்தான் என்றேன். வீட்டுக்கு வருகிற பிள்ளையிடம் வேறென்ன பேசுவது?

இக் ஏட், நான் சாப்பிடுகிறேன். யெய் ஏட், நீ சாப்பிடுகிறாய். வெய் ஏட்டன், நாம் சாப்பிடுகிறோம். இல்லை என்பதற்குக் கடைசியில் ஒரு 'நீட்'. துணி துவைக்கும்போதும் முணுமுணுத்தேன். "இன்னாக்கா, மந்திரமா?" என்றார் பால்காரர். வாய்ப்பாடு வராத மக்கு என்று கேலி செய்வாயே, வந்து கேட்டிருக்க வேண்டும் நீ!

அந்த ஞாயிறு மதியம், மீன் குழம்பின் காரத்தில் கலாவுக்கு மூக்கு ஒழுகியது. "யெய் ஏட்! யெய் ஏட்!" என்று போட்டுக்கொண்டே இருந்தேன். சிரித்தாள். பிறகு தட்டைப் பார்த்தபடி ஸ்டெல்லாவிடம் ஏதோ கேட்டாள். ஸ்டெல்லாவின் முகம் வாடிவிட்டது.

"அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கலையான்னு கேக்கறா ஆன்ட்டி."

இந்தக் கேள்வியோடா அக்கா அவள் இத்தனை வருஷம் வளர்ந்தாள்? ஸ்டெல்லா பதில் சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரு, நானே சொல்றேன்" என்றேன்.

உன் வீட்டுக்காரர் இறந்த வருஷம், இருந்த கஞ்சியை அவளுக்கு ஊட்டிவிட்டு நீ தண்ணீர் குடித்துப் படுத்தாய். அதைப் பார்த்த நானே, அவளைக் கொடுத்த அன்று உன்னைக் கல்நெஞ்சக்காரி என்று திட்டினேன். மன்னித்துக்கொள். இப்போது என் கையில் இருந்தது ஒரே ஒரு வினைச்சொல்.

சுவரில் மாலை போட்டிருக்கும் உன் படத்தைக் காட்டினேன். "அம்மா ஏட் நீட்." அவளைக் காட்டினேன். "யெய் ஏட்." அம்மா சாப்பிடவில்லை, நீ சாப்பிட்டாய்.

கலாவுக்குப் புரிந்துவிட்டது. வெகுநேரம் அழுதாள். அப்புறம் எழுந்துபோய் இன்னொரு தட்டு எடுத்துவந்து, சோறு போட்டு, என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "சித்தி, வெய் ஏட்டன்."

பொங்கலுக்கு மறுபடி வருகிறாளாம். அதற்குள் இன்னும் நாலு வினைச்சொல் படித்துவிடுவேன். நீ அவளுக்கு ஊட்டாமல் விட்ட வேளைக்கெல்லாம் நான் ஊட்டுவேன் அக்கா, இது சத்தியம்.

கலாவின் சித்தி,
உன் தங்கை வசந்தா