யார் யாரைத் தூக்கினது

இன்று காலையில் தப்பட்டை அடித்துக்கொண்டு ஒரு மாட்டு வண்டி நம் தெரு வழியாகப் போயிற்று. வண்டியிலிருந்து வீசின நோட்டீஸில் ஒன்று நம் வாசற்படியில் வந்து விழுந்தது. ரோஸ் காகிதம். அச்சு மை காயாமல் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அதில் அந்த சினிமாக் கதாநாயகன் இரண்டு கைகளிலும் கதாநாயகியை ஏந்திக்கொண்டு மலைமேல் நிற்கிறான். "மீண்டும் உங்கள் ஆம்பூரில்! மனைவியைச் சுமந்த மாவீரன்!" என்று கொட்டை எழுத்து. நீ இருந்திருந்தால் அதைச் சுருட்டி அடுப்பில் போட்டிருப்பாய். நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மாலை ஆட்டத்துக்குப் போகிறேன். அதற்குள் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. நம் இரண்டு பேரில் எழுதுகிறவள் நீ. நான் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவன். எனக்கு எழுத்து வராது என்று நீ சிரிப்பாய். சிரிக்கிறதாயிருந்தால் இதற்கும் சேர்த்துச் சிரித்துக்கொள்.

ரங்கூனில் தோல் கிடங்கில் எனக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை. நீயோ கல்யாணத்துக்கு முன்பு இங்கே ஆம்பூரில், தோல் பதனிடும் ஷாப்பில், ஈரத்தோல் சுமந்தவள். அதை நான் ரங்கூனில் ஒருவரிடமும் சொன்னதில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போகிறவனுடைய பெண்டாட்டி சுண்ணாம்புக் குழியிலிருந்து எருமைத்தோலை இழுத்து முதுகில் போட்டவள் என்று சொல்ல எனக்குக் கௌரவக் குறைச்சல். அப்படிப்பட்ட மடையன் நான்.

ஜப்பான்காரன் குண்டு போட்டான். கப்பல் கிடைக்காதவர்கள் எல்லாரும் காட்டு வழியாக இந்தியாவுக்கு நடந்தார்கள், நாமும் நடந்தோம். பதினைந்தாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டு கால் தரையில் நிற்கவில்லை. என்னை விட்டுவிட்டு நீ போ என்றேன். யோக்கியன் மாதிரிச் சொன்னேனே தவிர, நீ நிஜமாகவே போய்விடுவாயோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். நாலு பேர் எதிரில் என்னை 'என்னங்க' என்பாய், நாம் இருவர் மட்டும் என்றால் 'யோவ்'. அன்றைக்கு அத்தனை ஜனங்களுக்கு நடுவில், "யோவ், சும்மா கெட. நெனைஞ்ச எருமத்தோலு ரெண்டை ஒண்ணா தூக்கினவ நானு. நீ இன்னா அதைவிடவா கனம்?" என்றாய்.

ஈரத்தோல் தூக்குகிற விதத்திலேயே தூக்கினாய். குனிந்து, என்னை முதுகில் போட்டு, என் கைகள் இரண்டையும் உன் தோள்வழியே இழுத்துப் பிடித்து, பாரத்தை இடுப்புக்கு இறக்கி. நூறு எட்டு எடுத்து வைப்பது, உட்காருவது, மறுபடி நூறு எட்டு. வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனாய். மூன்று பகல் அப்படியே போனோம். என் காய்ச்சல் இறங்கினது எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. நீ எண்ணின சத்தம் மட்டும் தெரியும்.

ஊர் வந்து பத்து வருஷம் கழித்து அதையெல்லாம் எழுதினாய். பழைய வேலைக்கே திரும்பியிருந்தாய். மதியச் சாப்பாட்டு வேளையில், தோல் பதனிடப் போடுகிற ஆவாரம்பட்டைக் கிடங்கின் நிழலில் உட்கார்ந்து, கோடு போட்ட நோட்டில், மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்த தமிழில். மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்று அதைத் தொடராகப் போட்டது, பிறகு சின்னப் புத்தகமாகவும் வந்தது. என்னைத் தூக்கினதை நீ பெரிதுபடுத்தவே இல்லை. "அவரைத் தோல் மாதிரி முதுகில் போட்டுக்கொண்டேன். தோல் பேசாது. இவர் வழியெல்லாம் தண்ணீர் கேட்டார்." அவ்வளவுதான்.

அது போதாதா நம் ஊருக்கு! அடுத்த நாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஷாப்பு வாசலில் "வாப்பா ஈரத்தோலு." டீக்கடையில் "ஈரத்தோலுக்கு ஒரு டீ போடு." வெளியே சிரித்தேன், உள்ளே புழுங்கினேன். உன்மேல்கூடக் கோபம் வந்தது. இவளை யார் இதை எழுதச் சொன்னது என்று.

படக் கம்பெனியிலிருந்து ஆள் வந்த அன்று நீ வேலைக்குப் போயிருந்தாய். வந்தவர் நல்ல மனிதர், கதையைப் பற்றி அரை மணி நேரம் புகழ்ந்தார். பிறகு மெதுவாக இழுத்தார். "ஒண்ணே ஒண்ணு. பொம்பளை ஆம்பளையைத் தூக்கினா ஜனங்க சிரிப்பாங்களேன்னு பாக்கறோம். நெஜமாவே அப்படித்தான் நடந்ததா?"

"அது அவ ஆசைக்கு எழுதிக்கினா சார்," என்றேன். "தூக்கினது நான்தான்."

நாக்கு கூசவில்லை. அவர் முகம் மலர்ந்துபோய், அதைக் குறித்துக்கொண்டு கிளம்பினார். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை நான். சினிமாக்காரன் எதையாவது மாற்றத்தான் செய்வான், பழி அவன்மேல் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

படம் டெண்ட் கொட்டகைக்கு வந்த முதல் நாள், நீ ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்கு மட்டும் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாய். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். அந்தப் பக்கம் நீ முதல் வரிசையில் உட்கார்ந்தாய். காட்சி வந்தது. கதாநாயகி மயங்கி விழுகிறாள், அவன் அவளை ஏந்திக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே மலை ஏறுகிறான். ஆண்கள் பக்கம் விசில், பெண்கள் பக்கம் மூக்குச் சிந்துகிற சத்தம். என் முதுகில் பத்துக் கை தட்டியது. யாரோ ஒருவன் எனக்குக் கலர் சோடா வாங்கிக் கையில் திணித்தான். உன்னோடு வேலை செய்கிற செல்லம்மா கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. "இன்னாக்கா, புக்குல வேற மாதிரி எழுதிக்கீறே? அப்போ அது பொய்யா?"

நீ சுவருக்கு மேலாக என்னைப் பார்த்தாய். நான் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. அடுத்த நாள் முதல் ஷாப்புப் பெண்கள் உன் காதுபடவே, "எழுதறவங்க இன்னா வேணா எழுதுவாங்க" என்று பேசினார்களாம். புத்தகத்தை எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாய். எனக்குச் சோறு போட்டாய், வேட்டியைத் துவைத்தாய். ஆனால் வீட்டில் நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதும், "என்னங்க, சாப்பிட வர்றீங்களா?" என்றாய். 'யோவ்' போய்விட்டது. அந்த 'என்னங்க' எனக்குச் செருப்படி.

வெள்ளிக்கிழமை வந்தது. நம் பாய்மார் ஷாப்புகளுக்கு வெள்ளிதானே லீவு, மாலை ஆட்டம் முழுக்க நம் ஆட்கள். செல்லம்மா வலுக்கட்டாயமாக உன்னை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஈரத்தோல் தூக்குகிறவர்கள் முப்பது பேர் தரை டிக்கெட்டில் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அதே காட்சி, அதே பாட்டு. நான் விசிலுக்குக் காத்திருந்தேன். வந்தது சிரிப்பு.

"டேய், ஏந்திக்கினு மலை ஏறுறான்டா!"

"பாரத்தை முன்னால புடிச்சா இடுப்பு போய்டும்டா. நாலு எட்டு வெக்க மாட்டான்!"

"ஒரே ஒரு நாளு நம்ம சுண்ணாம்புக் குழியாண்ட வந்து நிக்கச் சொல்லு அவனை!"

திரையில் அவள் சாகக் கிடக்கிறாள், கொட்டகையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. மெட்ராஸில், மதுரையில் ஜனங்கள் அழுத காட்சியாம் அது. பாரம் சுமந்து பிழைக்கிறவனிடம் அந்தப் பாச்சா பலிக்குமா? ரீல் முடிந்து விளக்குப் போட்டார்கள். ஒற்றை மெஷின் கொட்டகை, ரீல் மாற்றுகிறவரைக்கும் வெளிச்சம்தான்.

காதர் பாய் எழுந்தார். ஈரத்தோல் பகுதிக்கு மேஸ்திரி, பெரிய சரீரம், என்னுடைய தோஸ்த். "அரே, இன்னா தோஸ்த், நீ இப்படியா தூக்கினே? வா, வந்து தூக்கிக் காட்டு. என்னையே தூக்கு!"

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் கொட்டகை பிடித்துக்கொண்டது. "காட்டு! காட்டு!" என்று திரைக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போய் என்னை நிறுத்திவிட்டார்கள். காதர் பாய் மாப்பிள்ளை மாதிரி கையை விரித்து நின்றார். கட்டிப் பிடித்துத் தம் பிடித்துப் பார்த்தேன். எழவு, அவர் குதிகால்கூட மண்ணைவிட்டு எழும்பவில்லை. சிரிப்பு கூரையைத் தூக்கியது.

"அப்போ வயசு இருந்துச்சு பாய்" என்ற பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் அத்தோடு விட்டிருப்பார்கள். சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தக் காட்டில்கூட நீ தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

"நான் தூக்கல," என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. கத்தினேன். "நான் தூக்கலப்பா! என்னைத் தூக்கினது அவதான்! அவ எழுதினதுதான் நெஜம். கம்பெனிக்காரன்கிட்ட நான்தான் பொய் சொன்னேன்!"

முறுக்கு விற்கிறவன்கூட அப்படியே நின்றுவிட்டான். வெட்கத்தில் என் காது எரிந்தது. அங்கிருந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன், அதற்குள் செல்லம்மா குரல் வந்தது. "அப்போ நீ காட்டுக்கா!"

நீ எழுந்தாய். வழி சுற்றி வரவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த மண்சுவரைத் தாண்டி வந்தாய். அதுவரை ஒரு பெண்பிள்ளை அதைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. காதர் பாய் தானாக விலகி வழிவிட்டார். எனக்கு முதுகு காட்டிக் குனிந்து, "கையைக் குடு" என்றாய். அவ்வளவுதான் தெரியும், என் கால் தரையில் இல்லை.

ஒன்று, இரண்டு என்று நீதான் தொடங்கினாய். பத்துக்குள் தரை டிக்கெட் சேர்ந்துகொண்டது, இருபதுக்குள் பெண்கள் பக்கம். திரை ஓரமாகப் போய், சோடாக் கடையைச் சுற்றி, பெஞ்சு வரிசை வழியாகத் திரும்பி வந்தாய். நாற்பது வயதைத் தாண்டினவள் நீ! ஈரத்தோல் தூக்குகிற ஆண்கள் முப்பது பேரும் எழுந்து நின்று எண்ணினார்கள். அவர்களுக்குத்தான் தெரியும் நீ கால் வைக்கிற நேர்த்தி. அறுபதோ எழுபதோ எண்ணும்போது, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மூச்சுவாங்கச் சொன்னாய். "யோவ், அன்னிக்கு இருந்ததைவிடக் கனம் ஜாஸ்தியாய்ட்டே."

'யோவ்' என்றாய். உன் முதுகில் கிடந்தபடியே நான் ஓவென்று அழுதுவிட்டேன். கொட்டகை என்னவென்று நினைத்ததோ, நினைத்துக்கொள்ளட்டும்.

நூறில் இறக்கிவிட்டாய். "இதுதாம்பா தூக்கறது!" என்று காதர் பாய் போட்ட சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். "இப்போ போடுப்பா உன் ரீலை!" அதற்குப் பிறகு படம் எங்கே நடந்தது? கதாநாயகன் தள்ளாடும்போதெல்லாம், "தம்பி, எறக்கி வெச்சுட்டு அக்காவைக் கூப்புடு!" என்று ஒரே கூச்சல். அடுத்த வாரம் வாணியம்பாடியிலிருந்தும் பேர்ணாம்பட்டிலிருந்தும் பஸ் ஏறி ஜனம் வந்தது. அந்தக் காட்சி வந்ததும் கூட்டமே "பொய்!" என்று கத்தும். அதைக் கேட்கவே மூன்று முறை போனேன் நான். கழுத்தில் மாலை விழுந்தவனுக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது. 'ஈரத்தோலு' என்று யாராவது கூப்பிட்டால் இப்போதும் முதல் குரலிலேயே திரும்பிவிடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு நடந்து வரும்போது, ஏன் என்னைத் திட்டவே இல்லை என்று கேட்டேன். "ஊரு நம்பலன்னா போவட்டும்," என்றாய். "அங்க நடந்தது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதுல ஒரு ஆளு இல்லன்னுட்டா, மிச்சம் நான் ஒருத்திதானே?" பிறகு புத்தகத்தை டிரங்கிலிருந்து எடுத்து வெளியே வைத்தாய். அது இன்னும் வைத்த இடத்தில்தான் இருக்கிறது.

நீ போன அன்று, உன்னைக் கிடத்தின பெட்டியை வேதக்கோயிலுக்கு எடுக்கிற நேரம், முன்பக்கம் நான் தோள் கொடுத்தேன். "உனக்கு மூச்சு வாங்குது, உட்டுடு தோஸ்த்" என்றார் காதர் பாய். விடவில்லை. நீ எண்ணின மாதிரியே வாய்விட்டு எண்ணிக்கொண்டு போனேன். நூறு எட்டு வைத்துவிட வேண்டும் என்று மனசுக்குள் வைராக்கியம். எண்ணிக்கை நூறைத் தொடுவதற்குள், தெருமுனைக் குழாய்க்கு முன்னால் கால் மடங்கியது. காதர் பாய் என் தோளுக்குக் கீழே தன் தோளைக் கொடுத்து, பெட்டி சாயாமல் வாங்கிக்கொண்டார்.

மணி ஐந்தாகிறது, கிளம்ப வேண்டும். இன்றைக்குப் புது ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள், விஷயம் தெரியாமல் விசிலடிப்பார்கள். ரீல் முடிந்து விளக்குப் போட்டதும் எழுந்து நின்று சொல்வேன், ஈரத்தோல் நான்தான், தூக்கினது அவள்தான் என்று. அப்போ நீங்க அவங்களைத் தூக்கினதே இல்லையா பெரியவரே என்று எவனாவது கேட்பான். தூக்கினேன் என்பேன். அறுபத்திரண்டு எட்டு.