பூட்டாத வீடு

பெரம்பலூர்
24-6-1974

என் செல்ல மகள் ராசாத்திக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஏதோ நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நோய்நொடி இல்லாமல் இருக்க சிறுவாச்சூர் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் போன வியாழக்கிழமை கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்துவிட மகள் பக்கத்தில் இல்லையே என்று உன்னை நினைத்துக்கொண்டு என்னைத் திட்டுகிறாள். மழை இல்லை, கடலைக்கு உழுத காடு சும்மா கிடக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு எனக்கு உத்தியோகம் முடிகிறது. சனிக்கிழமை ஆபீசில் மாலை போட்டு போட்டோ எடுத்தே தீருவேன் என்று என் இடத்துக்கு வரப்போகிற செல்லதுரை ஒற்றைக் காலில் நிற்கிறான். முப்பத்திரண்டு வருஷம் ஊர் ஊராக நடந்து அம்மை குத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர் என்று பேசப் போகிறானாம். வேண்டாம் என்றேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நீங்களும் லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம். அந்த மாலைக்குக் கழுத்தை நீட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உன்னிடம் சொல்கிறேன், அதில் நீயும் இருக்கிறாய்.

உனக்கு ஆறு வயது அப்போது, சித்திரை மாதம். சிறுவாச்சூருக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் இருசம்மாள் என்று கூலி வேலை செய்கிறவள், அவள் மூத்த பெண்ணுக்கு அம்மை போட்டிருந்தது. இளையவன் இரண்டு வயதுப் பையன், அவனுக்குக் குத்தவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் மற்றப் பிள்ளைக்கு உடனே குத்தியாக வேண்டும், அதற்குத்தான் சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுத்தது. நான் போனேன். நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. செருப்பைக் கழற்றினேன், கைகூப்பினேன், அப்படியே திரும்பிவிட்டேன். அம்மன் இறங்கியிருக்கிற வீட்டுக்குள் குத்துகிற இரும்பை எடுத்துக்கொண்டு போனால் அவள் கோபம் என் வீட்டுக்கு வந்துவிடும், உன் மேல் இறங்கிவிடும் என்று பயந்தேன். உனக்கு நானே குத்தியிருந்தேன் அம்மா. ஊருக்கெல்லாம் நம்பச் சொன்ன ஊசியை நான் நம்பவில்லை. டைரியில் வீடு பூட்டியிருந்தது என்று எழுதினேன். பத்துப் பன்னிரண்டு நாளில் பையனுக்கும் போட்டு, போய்ச் சேர்ந்துவிட்டான். பெண் பிழைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வேப்பிலையைத் தாண்டி உள்ளே போய்க் குத்தியிருக்கிறேன், அதனால் என்ன, அந்தப் பிள்ளை வந்துவிடப் போகிறதா.

உத்தியோகம் முடிவதற்குள் இருசம்மாளிடம் சொல்லிவிட வேண்டும் என்று முந்தாநாள் போனேன். வீட்டுக்குப் பின்னால் முள் வெட்டிக்கொண்டிருந்தாள், தலை முழுக்க நரைத்துவிட்டது. உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். குத்தியிருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பான் என்று சத்தியம் செய்ய முடியாது, பிழைத்திருக்கலாம் என்றேன். வைவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் வேறு ஒன்று சொன்னாள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது அல்லவா, அவள் புருஷன் வாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை என்று நச்சரித்ததால் ஒருநாள் மட்டும் கடுகு போட்டுத் தாளித்துவிட்டாளாம். அந்த வாசனையில்தான் அம்மன் பிள்ளையை எடுத்துக்கொண்டாள் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறது. தாளிக்கச் சொன்ன அந்தப் புருஷனே சாகிறவரை அதைச் சொல்லிச் சொல்லி அடித்தானாம். அன்றிலிருந்து அவள் அடுப்பில் எண்ணெய் காய்ந்ததில்லை, பெண்ணின் கல்யாணத்துக்குக்கூட வேறு வீட்டில்தான் சமைத்தார்களாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப நான் தாளிச்சதால புள்ள போவலைங்களா?"

இல்லை அம்மா என்றேன்.

"இத வந்து சொல்ல உங்களுக்குப் பதினஞ்சு வருசம் ஆச்சுங்களா?" என்றாள்.

அவள் அருவாளை எடுத்துக் குனிந்து மறுபடியும் முள்ளை வெட்ட ஆரம்பித்தாள். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பிள்ளைக்கு நான் செய்தது பயத்தால் செய்தது. அவளுக்குச் செய்தது என் மௌனத்தால், அதுதான் பெரிய பாவம் என்று இப்போதுதான் உறைக்கிறது. உன் அப்பனைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் சரி, தெரிந்துகொண்டு நினை.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், நீங்கள் மூவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். சின்னவனுக்குப் பல் முளைத்த பிறகு அம்மை குத்திக்கொள்ளலாம் என்று உன் மாமியார் சொல்வதாக எழுதியிருந்தாய். வடக்கே இந்த வருஷம் அம்மை கடுமையாக இருக்கிறதாம். இந்தக் கடிதம் கண்ட அன்றே தூக்கிக்கொண்டு போ. வீறிட்டு அழுவான், உனக்குப் பார்க்கப் பொறுக்காது, முகத்தை வேண்டுமானால் திருப்பிக்கொள், அவன் கையை மட்டும் விட்டுவிடாதே.

உன் அப்பா,
அய்யாக்கண்ணு