தனம் திருத்தின பாட்டு

நவம்பர் 17, 1958. திங்கள்

காலையிலேருந்து தூறல். நான் வாசிக்கற டபுள் பாஸ் கழுத்துல ஈரம் ஏறியிருந்துச்சு. துணியால தொடச்சு அடுப்படி ஓரமா நிறுத்தியாச்சு. அரிசி டின்னுக்குப் பக்கத்துல ஆள் உசரத்துக்கு நிக்குது. தனம் அதச் சுத்திப் போய்ப் போய் சமைக்கிறா. 

சாயங்காலம் ஜங்ஷன். எங்க பேண்ட் லீடர் லெஸ்லி கிளம்பிட்டான். மெட்ராஸ், அங்கேருந்து கப்பல், ஆஸ்திரேலியா. பொன்மலை வொர்க்‌ஷாப்புல சேந்த புதுசுலேருந்து அவன் ட்ரம்பெட்டுக்குப் பின்னால நின்னு வாசிச்சவன் நான். மூஞ்சிய விட முதுகுதான் பழக்கம். தோள் அசையறத வெச்சே அடுத்து என்ன வாசிக்கப் போறான்னு தெரிஞ்சுடும்.

"ராஜு, பேண்டை நீ பாத்துக்கோ."

"நானா? பீட்டர் இருக்கானே."

"பீட்டர் ட்ரம்ஸ் அடிப்பான். சண்டையும் போடுவான். நீ மத்தவங்க வாசிக்கறதக் கேக்குற ஆளு. அது போதும்."

வண்டி நகந்துச்சு. அவங்கம்மா கிளிக்கூண்ட மடியில வெச்சிக்கிட்டு அழுதாங்க. அவன் அழல. நானும் அழல. வீட்டுக்கு வந்து கால் கழுவறப்போ கொஞ்சம்.

நவ. 18, செவ்வாய்

நாங்க வாசிக்கற கிளப்போட செக்ரட்டரி கூப்பிட்டு விட்டிருந்தார். 29ஆம் தேதி சனிக்கிழமை டான்ஸ். "லெஸ்லி இல்லாம ஆவுமா? இல்லேன்னா மெட்ராஸ்லேருந்து ஒரு பேண்டை வரவழைச்சிடலாம். கிறிஸ்துமஸுக்கும் அவங்களையே வெச்சிக்கலாம்."

"ஆவுங்க சார்." வாயிலேருந்து தானா வந்துடுச்சு.

"லீடர் யாரு?"

"நான்தாங்க."

மேலயும் கீழயும் பாத்தார். "நீங்க அந்தப் பின்னால நின்னுக்கிட்டு..."

"ஆமாங்க. பெரிய வயலின்."

வேண்டியது: பாஸுக்குத் தடி நரம்பு ஒண்ணு. ட்ரம்பெட்டுக்கு ஆள் (சவரிமுத்துவக் கேக்கணும், சர்ச்சுல வாசிக்கறவர்). எங்க பாட்டுக்காரி டோரீனுக்குப் புதுப் பாட்டு.

புதுப் பாட்டு எங்கிட்ட ஒண்ணு இருக்கு. யார்கிட்டயும் சொல்லல.

நவ. 19, புதன்

மழை. வொர்க்‌ஷாப்புல கூரை ஒழுகல். மத்தியான சாப்பாட்டு நேரத்துல அந்தப் பாட்டத் திரும்ப எடுத்துப் பாத்தேன்.

போன பங்குனியில எங்களுக்குப் பையன் பொறந்தான். ரெண்டு நாள் இருந்தான். பேர் வைக்கல. அப்புறம் தனம் பேசறத விட்டுட்டா. சாப்பிடறீங்களா, விளக்கப் போடவா, அவ்வளவுதான். எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. சாயங்காலமானா பாஸ எடுத்து மெதுவா வாசிப்பேன். ஜாஸ், கீஸ்னு ஒண்ணும் கிடையாது, விரல் போன போக்கு. ஆடியில ஒரு நாள் அடுப்படியிலேருந்து குரல்: "கடைசியா வந்துச்சே, அத இன்னொரு தடவ வாசிங்க."

அந்த மெட்டுதான். வார்த்தை பின்னால வந்துச்சு, ஒவ்வொண்ணா.

*மழை விட்டும் இலை சொட்டுது*
*நீ பேசாத நேரம்*
*தூளி கட்டாத கொக்கி*
*காத்துல ஆடுது*
*வாசல்ல நானிருக்கேன்*
*கூப்பிட வேணாம்.*

இத அவகிட்ட எப்படிக் காட்டறது. காட்டாம டோரீன எப்படிப் பாட வைக்கிறது.

நவ. 20, வியாழன்

முதல் ரிகர்சல். மோசம். நான் எண்ணிக் குடுத்த வேகத்துல எல்லாரும் ரயிலப் பிடிக்கப் போற மாதிரி ஓடினாங்க. சவரிமுத்து எத வாசிச்சாலும் பூசை மாதிரி இருக்கு. நல்ல மனுஷர், சொன்னா கேட்டுக்கிறார்.

பீட்டர் கத்தினான். "லீடர்னா முன்னால வந்து நில்லுடா."

"இந்த பாஸ் முன்னால வந்தா உன்ன யாருக்கும் தெரியாதேடா."

"தெரிய வேணாம். எனக்கு உன் கை தெரிஞ்சா போதும்."

முன்னால வந்து நின்னேன். முதுகுப் பக்கம் ட்ரம்ஸ் கேக்குது. லெஸ்லிக்கு இப்படித்தான் கேட்டிருக்கும்போல.

நவ. 22, சனி

வானம் வெளுப்பு. துணி காஞ்சுது.

டோரீன் வீட்டுக்கு வந்துச்சு, பாட்டுப் படிக்க. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை. தமிழ் பேசும், மார்க்கெட் தமிழ். நான் பாஸுக்கு நரம்பு மாத்திக்கிட்டிருந்தேன், அதனால தனத்துகிட்டயே உக்காந்துடுச்சு. தடுத்திருக்கலாம். தடுக்கல. அவளுக்கு இப்படியாவது தெரியட்டும்னு நெனச்சேனோ என்னவோ.

"மலை விட்டும் இலை சொட்டுது."

"மலை இல்லம்மா, மழை. மலை எங்க விடும்? மலைக்கோட்டை அங்கயேதான் இருக்கு."

தனம் சிரிச்சா. எத்தனை மாசமாச்சு. நரம்பு கையிலேருந்து நழுவிடுச்சு.

அப்புறம் டோரீன் கேட்டுச்சு. "தூளின்னா என்ன தனம்?"

"கொழந்தையப் போட்டு ஆட்டறது. சேலைய மேல ஒரு கொக்கியில..." சொல்லிக்கிட்டே கையத் தூக்கிக் காட்டினா. கை அப்படியே நின்னுடுச்சு. உத்தரத்துல அந்தக் கொக்கி. அவ மாசமா இருந்தப்போ நானே வொர்க்‌ஷாப்புல அடிச்சு மாட்டினது.

பாட்டு எழுதின பேப்பர வாங்கி முழுசும் படிச்சா. மடிச்சு டோரீன் கையில குடுத்தா. "காபி போடறேன், குடிச்சிட்டுப் போம்மா." போட்டுக் குடுத்தா. என்னப் பாக்கல.

நவ. 23, ஞாயிறு

தனம் ஸ்ரீரங்கத்துல அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. "ரெண்டு நாள் இருந்துட்டு வரேங்க." சோறு வடிச்சு வெச்சிருந்தா, ரசம் வெச்சிருந்தா. அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

பாட்ட எடுத்துடணும். அவ அழுகைய ஹால்ல டிக்கெட் வெச்சு விக்கற மாதிரி ஆயிடும்.

நவ. 25, செவ்வாய்

வேலை முடிஞ்சு நேரா பஸ். காவேரி பாலத்துல கூட்டம், தண்ணி பாக்க.

அவ அக்கா கமலம் வாசல்ல பூக் கட்டிக்கிட்டிருந்தாங்க. "வாங்க தம்பி. பின்கட்டுல இருக்கா. போய்ப் பேசுங்க."

துணி மடிச்சிக்கிட்டிருந்தா. நான் நின்னுக்கிட்டே சொன்னேன். "அந்தப் பாட்டு வேணாம் தனம். எடுத்துட்டேன். உங்கிட்ட கேக்காம எழுதியிருக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் மடிச்சிக்கிட்டே இருந்தா.

"நீங்களும் அந்தக் கொக்கியப் பாத்துக்கிட்டுதான் இருந்தீங்களா?"

"தினமும்."

"நான் மட்டும்தான்னு நெனச்சேன்."

பக்கத்துல உக்காந்தேன். ஒரு துண்ட எடுத்து மடிச்சேன். சரியா வரல. வாங்கி மறுபடி மடிச்சா.

"பாட்ட எடுக்காதீங்க. ஆனா ஒரு வரி தப்பா இருக்கு. கொக்கி ஆடாதுங்க. தூளி கட்டினாத்தான் ஆடும். அது சும்மாதான் இருக்கும்."

அவ சொன்னது சரி. எனக்கு எப்படித் தோணாமப் போச்சு. *தூளி கட்டாத கொக்கி, சும்மா இருக்கு.* மெட்டுலயும் உக்காருது. ஆடுதுன்னு இழுக்கற எடத்துல இப்ப ஒண்ணும் இல்ல, பாஸ் மட்டும்.

ரெண்டு பேரும் சேந்தே வீட்டுக்கு வந்தோம்.

நவ. 28, வெள்ளி

ரிகர்சல் பரவாயில்ல. சவரிமுத்து மெல்ல வாசிக்கக் கத்துக்கிட்டார். டோரீனுக்கு மழை வந்துடுச்சு.

செக்ரட்டரி: "தமிழ்ப் பாட்டா? டான்ஸுக்கா?" ஒண்ணே ஒண்ணுன்னு சொல்லி ஒத்துக்க வெச்சேன்.

தனம் வரேன்னா. கிளப்புக்கு இதுவரைக்கும் வந்ததில்ல. எந்தப் புடவைன்னு கேட்டா. நீலம்னேன். பச்சைய எடுத்து வெச்சிருக்கா.

நவ. 30, ஞாயிறு. காலை

தலைவலி. விரல் நுனி உரிஞ்சிருக்கு. மறக்கறதுக்கு முன்னால எழுதிடறேன்.

ஜட்காவுல பாஸ படுக்க வெச்சு, மேல ரெக்சின் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடிச்சிக்கிட்டுப் போனோம். தனம் டோரீனோட அம்மாகூட வராண்டா ஜன்னல் பக்கம் உக்காந்தா.

முதல் ரெண்டு பாட்டுக்கு யாரும் எழுந்திரிக்கல. லெஸ்லி எங்கன்னு ஒரு குரல் கேட்டுச்சு. பாஸ் மேல சாஞ்சுக்கிட்டேன். மூணாவதுக்குச் சின்னப் பசங்க எறங்கினாங்க. அப்புறம் தரை நெறஞ்சுது.

இடைவேளைக்கு முன்னால எங்க பாட்டு. நான் தனியா ஆரம்பிச்சேன், பாஸ் மட்டும், வீட்டுல வாசிக்கற மாதிரியே. டோரீன் கண்ண மூடிக்கிட்டுப் பாடிச்சு. ஆடிக்கிட்டிருந்தவங்க நின்னுட்டாங்க. போச்சுன்னு நெனச்சேன். பீட்டர் குச்சிய வெச்சுட்டு, மெதுவா தட்டற பிரஷ்ஷ எடுத்துட்டான், நான் சொல்லாமலே. முடிஞ்சப்போ கைதட்டல் கூட ஒரு மாதிரி, விட்டு விட்டு.

"ஒருத்தரும் ஆடல பீட்டர்."

"ஒருத்தரும் பாருக்கும் போகல. பாத்தியா?"

ஜன்னல் பக்கம் பாத்தேன். தனம் டோரீனோட அம்மா கையப் பிடிச்சிக்கிட்டிருந்தா. யாரு யாரத் தேத்தினாங்கன்னு தெரியல.

செக்ரட்டரி கடைசியில வந்தார். கிறிஸ்துமஸுக்கும் எங்களையே வாசிக்கச் சொல்லிட்டார். "அந்தத் தமிழ்ப் பாட்டு மட்டும் அன்னிக்கு வேணாம். எங்க வீட்டுல அழறாங்க."

அதே நாள், சாயங்காலம்

கமலம் அக்காவுக்கு விஷயம் சொல்லப் போனோம். மழை இல்ல. தனம் பாலத்துல நடந்தே போலாம்னா.

பாதியில நின்னா. தண்ணி ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. வாழைத் தார் ஒண்ணு மெதந்து வந்து தூண்ல முட்டிச் சுத்திக்கிட்டுப் போச்சு.

"அவனுக்கு ஒரு பேர் நெனச்சு வெச்சிருந்தேங்க. யார்கிட்டயும் சொல்லல."

சொன்னா. இங்க எழுதப் போறதில்ல.

நல்ல பேரு. நானும் ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். அந்த நேரம் பாத்து பஸ் ஒண்ணு தாண்டிப் போச்சு, அவளுக்குக் கேட்டுச்சோ இல்லையோ. இன்னொரு தடவ சொன்னேன்.