மெழுகி வைத்த வீடு

தியாகதுருகம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கமணி அக்காவுக்கு,

உங்கள் தங்கை செந்தமிழ்ச்செல்வி எழுதுவது. இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. மூன்று பேரும் இருக்கிறோம், அவ்வளவுதான். மலைமேல் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவும் தேவையில்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் நிர்மலா, விடுதியில் உங்களோடு வேலை செய்கிறவள்தானே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் எடுத்தால்தானே. ஒரு நாள் தப்பித்தவறி எடுத்தீர்கள். அன்றும் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்தான் கேட்டது, பிறகு அணைத்துவிட்டீர்கள். காகிதத்தை அணைக்க முடியாது. எழுத்துக் கூட்டிப் படிக்க உங்களுக்கு நேரமாகும் என்று தெரியும், அதனால் பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன். நிர்மலாவைப் படித்துக்காட்டச் சொல்ல வேண்டாம். இது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

சிவப்பி கன்று போட்டுவிட்டது. கிடேரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. சீம்பால் காய்ச்சி இறக்கி வைத்தேன், ஆளாளுக்கு ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். மக்காச்சோளத்தில் இந்த முறை புழு கம்மி. செல்லமுத்து மாமாதான் சரியில்லை. இரண்டு தடவை வெள்ளிமலைக்கு வந்தாராம், நீங்கள் விடுதிச் சமையல்கட்டை விட்டு வெளியே வரவே இல்லையாம். கட்டிய புருஷனை அப்படியா திருப்பி அனுப்புவது? என் ரசத்தில் புளி ஜாஸ்தி என்று அவர் வாய் திறந்து சொல்வதில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஒரு பெருமூச்சு விடுவார். அதில் பாதி உங்களை நினைத்து, மீதி என் ரசத்தை நினைத்து.

நிர்மலா சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். விடுதிப் பிள்ளைகளுக்கு நீங்கள் சோறாக்குகிறீர்களாம், ஒரு பிள்ளைக்கும் உங்கள் கையால் பரிமாறுவதில்லையாம். கரண்டியை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுகிறீர்களாம். அங்கே தொட்டியருகில் நின்று, கழிவறைக்கு வாங்கி வைத்திருக்கிற பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கையைத் தேய்க்கிறீர்களாம். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறதாம். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அவள் கேட்டதற்கு, "இந்தக் கையி சுத்தமாவல நிர்மலா" என்றீர்களாம். அதை அவள் சொன்னபோது நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மாவுக் கையோடே பேனாவைத் தேடினேன்.

நடந்ததை நீங்கள் ஒரு விதமாகவே பிடித்து வைத்திருக்கிறீர்கள். நான் பார்த்ததையும் கேளுங்கள்.

நம் பிள்ளை பாரதியை இரண்டு வாரம் வீட்டில் வைத்திருங்கள் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். ரத்தப் புற்றுக்குக் கொடுக்கிற மருந்து நோயை அடிக்கும்போது உடம்பின் தெம்பையும் சேர்த்து அடித்துவிடும், சின்னக் கிருமிகூடத் தாங்காது என்று நர்ஸம்மா உட்கார வைத்துச் சொன்னார்கள். தரையைப் பினாயில் போட்டுத் துடைக்க வேண்டும், துணியைக் கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டும், மாடு கன்று பக்கம் விடக் கூடாது, சாணம் கூடவே கூடாது, புகை போடக் கூடாது. உங்கள் கொழுந்தனார் அதைப் பாதி கேட்டுக்கொண்டே வெளியில் போய் உங்களுக்கு ஃபோன் செய்தார். "வூடு சுத்தமா இருக்கணும் அண்ணி, ஒரு கிருமி இருக்கக் கூடாதுன்றாங்க" என்று மட்டும் சொன்னார். மீதியை வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

சுத்தம் என்றால் நமக்கு வேறு என்ன தெரியும் அக்கா? நல்லதுக்கும் சாணம், கெட்டதுக்கும் சாணம். பிள்ளை பெற்று வந்தால் அந்த அறைக்குச் சாணம், பொங்கலுக்குச் சாணம், தீட்டுக் கழியச் சாணம். அதைவிடச் சுத்தமான ஒன்றை யாரும் நமக்குக் காட்டியதில்லை. நாங்கள் பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் நீங்கள் ஒற்றை ஆளாக மூன்று அறையையும் மெழுகி, சுவரிலும் முழங்கால் உயரத்துக்குப் பூசி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கலந்து, மேலே மாக்கோலம் போட்டு, சாம்பிராணியும் காட்டி வைத்திருந்தீர்கள். பாரதிக்கென்று வழக்கத்தைவிட ஜாஸ்தியாகவே செய்திருந்தீர்கள். நம் வீட்டை அவ்வளவு லட்சணமாக நான் பார்த்ததே இல்லை. அதே நேரம் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பாரதியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். "சாணி கூடாதுன்னாங்களேக்கா" என்றேன். வேறு ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. உங்கள் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன்.

அன்றைக்கே தார்ப்பாய் வாங்கி வந்து தரை முழுக்க விரித்தோம். காலையும் மாலையும் பினாயில். அவள் துணிப் பொம்மையைத் தூக்கிப் போட்டோம், பிளாஸ்டிக் சாமான்களை ஒவ்வொன்றாகச் சோப்புத் தண்ணீரில் கழுவினோம். படுக்கை விரிப்பைத் தினமும் அண்டாவில் போட்டு அவித்தது யார்? நீங்கள்தான். தண்ணீர் சுமந்தது, கிணற்றடியில் காயப்போட்டது, வெயிலில் நின்று கோழி வராமல் விரட்டியது, எல்லாம் நீங்கள்தான். ஆனால் வாசல்படியைத் தாண்டி ஒரு தடவைகூட உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே சாக்கு விரித்து உட்கார்ந்துகொண்டீர்கள்.

பாரதிக்கு அதில் வருத்தம் இருந்தாலும், அதிகாரம் கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம். மொட்டைத் தலையும் முகக்கவசமுமாக ஜன்னலில் ஏறி நின்று, வருகிற போகிற ஆட்களை எல்லாம் கையைக் காட்டச் சொன்னாளே. செல்லமுத்து மாமாவின் நகத்தைப் பார்த்துவிட்டு, வெட்டிக்கொண்டு வந்தால்தான் பேசுவேன் என்று திருப்பி அனுப்பினாள். அந்த மனுஷனும் பிளேடைத் தேடிக்கொண்டு போனார். நாம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். உங்களை மட்டும் அவள் கையைக் காட்டச் சொன்னதே இல்லை. உள்ளே வா என்றுதான் கூப்பிட்டாள். "பெரிம்மா கையி அழுக்கு கண்ணு, வேணாம்" என்பீர்கள். ஆறு வயசுப் பிள்ளைக்கு அது எப்படிப் புரியும்? கம்பி வழியாக உங்கள் முந்தானையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. மறுபடியும் புதுச்சேரி. அதை எழுத மாட்டேன், நீங்களும் கூட இருந்தீர்கள்.

சாவு வீட்டில் எதிர்வீட்டுப் பச்சையம்மாள் பேசிய பேச்சு உங்கள் காதில் விழுந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். சாணி போட்டுக் கொன்றுவிட்டாள் என்று அவள் சொன்னபோது நான் பிள்ளையை மடியில் போட்டிருந்தேன். நீங்கள் காரியம் முடிந்த மறுநாள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். போன வாரம் அதே பேச்சை என்னிடமே ஆரம்பித்தாள். தெருவிலேயே நிறுத்தி வைத்து, "இன்னொரு வாட்டி எங்கக்காவப் பத்தி வாயத் தொறந்தா, உனுக்கும் எனுக்கும் பேச்சுவார்த்த இல்ல" என்றேன். இப்போது பேச்சுவார்த்தை இல்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறது.

பழைய மருந்துச் சீட்டுகளை ஒப்படைக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். தரை மெழுகியதால்தான் காய்ச்சல் வந்ததா என்று. எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, பாதிக்கு மேல் பிள்ளையின் உடம்புக்குள்ளேயே இருக்கிற கிருமிதான் இந்த நேரம் பார்த்துக் கிளம்பும் என்றார்கள். என் மனசு ஆறட்டும் என்று சொல்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டேன். "ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாதும்மா" என்றார்கள். உள்ளதை உள்ளபடி உங்களுக்கும் எழுதிவிட்டேன். பொய் சொல்லி உங்களை அழைத்துவர எனக்கு இஷ்டமில்லை.

இவரைப் பார்த்தால், காரில் கூட்டிவராமல் பஸ்ஸில் கூட்டிவந்ததுதான் காரணம் என்கிறார். ஜன்னலோர சீட் வேண்டும் என்று அவள்தான் அடம்பிடித்தாள் என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. செல்லமுத்து மாமா சிவப்பியைக் கட்டின இடத்தையே மாற்றிவிட்டார். ஆளாளுக்குப் பழியைப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டீர்கள். பெற்றவள் எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

நான் என்ன ஒழுங்கா என்று கேட்பீர்கள். இன்னும் தார்ப்பாயை எடுக்கவில்லை. இரண்டு வேளையும் துடைக்கிறேன். இவர் பினாயில் பாட்டிலை ஒளித்து வைக்கிறார், நான் கடையில் வேறு வாங்கிவந்துவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை அவள் சட்டைகளை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றிலும் அவள் வாசனை இல்லை அக்கா. எல்லாவற்றையும் அவித்து அவித்துத் துவைத்துவிட்டோம். எதை எடுத்தாலும் சோப்புதான் மணக்கிறது. பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன். அப்போதுதான் உங்கள் புடவை ஞாபகம் வந்தது, அவள் கன்னத்தில் வைத்துத் தூங்கிய அந்த ஊதாப் புடவை. அதைத் துவைத்துவிட்டீர்களா? துவைக்காமல் இருந்தால் அப்படியே மடித்து எடுத்துவாருங்கள். துவைத்திருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் வாருங்கள்.

எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சில நாள் இருக்கிறது. தார்ப்பாயின் ஓரம் விலகி அந்தத் தரை தெரியும்போது பற்றிக்கொண்டு வருகிறது. உங்கள் மேலா, இவர் மேலா, மேலே இருக்கிறவன் மேலா என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு எதிரில் நீங்கள் இருக்க வேண்டும் அக்கா. நான் கத்துவேன், நீங்கள் பதிலுக்கு அழுவீர்கள், பிறகு இரண்டு பேரும் எழுந்து உலை வைப்போம். இந்த வீட்டில் ஆண்களோடு அவளைப் பற்றிப் பேச முடியவில்லை. பெயரை எடுத்தாலே இருவரும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறார்கள். அந்த மாடு எவ்வளவுதான் குடிக்கும்? அவளுக்கு முதலில் விழுந்தது எந்தப் பல், எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும் என்றெல்லாம் தெரிந்த ஆள் என்னை விட்டால் நீங்கள் ஒருவர்தான்.

இன்னொன்று இருக்கிறது. இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

கடைசி அன்று, யாராவது ஒருவர் மட்டும் கையை நன்றாகக் கழுவிவிட்டு உள்ளே வரலாம் என்று நர்ஸம்மா சொன்னார்கள். நான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் தாழ்வாரத்துக் குழாயடிக்குப் போனீர்கள். போனவர் வரவே இல்லை. தண்ணீர் விழுகிற சத்தம் கட்டில்வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. பாரதி கண்ணைத் திறந்து உங்களைத்தான் கேட்டாள். பெரியம்மா கை கழுவுகிறாள், இதோ வந்துவிடுவாள் என்றேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போதும்னு சொல்லும்மா" என்றாள்.

அவள் கையை விட்டுவிட்டு எழுந்து வந்து உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை. இத்தனை நாளும் இதை வாய்விட்டுச் சொல்ல என்னால் முடியவில்லை. அவள் கடைசியாகச் சொன்னது எனக்கு இல்லை அக்கா, உங்களுக்கு. இப்போது சொல்லிவிட்டேன்.

நிர்மலா புதன்கிழமை கீழே இறங்குகிறாள். அவளோடு பஸ் ஏறி வந்துவிடுங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
தங்கை செல்வி