நடுவிரலில் வைத்த மை

2019 பிப்ரவரி 12, செவ்வாய்

காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 168. ஜெனிபா மிஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மருமகள் நர்ஸாக இருப்பதில் இதுதான் தொல்லை. நேற்று லாலா கடையில் நின்று அல்வா தின்றது எப்படியோ தெரிந்துபோயிருக்கிறது.

மகன் கிறிஸ்வின் நாலு நாளாகப் போனில் பேசவில்லை. எல்லையில் பனி, டவர் கிடைக்காது. ராணுவத்தில் சேர்ந்து ஆறு வருஷமாகிறது, எனக்கு இது பழகியிருக்க வேண்டும். போனைக் குளியலறைக்குள் எடுத்துக்கொண்டு போய் ஜெனிபாவிடம் ஏச்சு வாங்கினேன்.

பிப்ரவரி 15, வெள்ளி

நேற்று காஷ்மீரில் படை வண்டியின்மேல் வெடிகுண்டு. நாற்பது பேர் செத்துப்போனார்கள். அது வேறு படை, கிறிஸ்வின் அந்த ரோட்டில் இருக்க வழியே இல்லை என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் அவன் கூப்பிடும்வரை நானும் ஜெனிபாவும் டிவியை விட்டு நகரவில்லை. பதினோரு மணிக்குக் கூப்பிட்டான். “நல்லாருக்கேன்ப்பா. அவகிட்ட சொல்லிருங்க.” அவ்வளவுதான், கட் ஆகிவிட்டது.

சாயங்காலம் கொடி போர்த்திய பெட்டிகளை வரிசையாகக் காட்டினார்கள். முப்பத்து நாலு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன், அதில் பதினொரு வருஷம் தலைமை ஆசிரியர். அடித்தால் திருப்பி அடிக்காதே, என்னிடம் வந்து சொல் என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன். இன்றைக்கு அடிக்கணும் என்றுதான் இருக்கிறது. நல்லா அடிக்கணும் அவனுவள.

பிப்ரவரி 26, செவ்வாய்

நம் விமானங்கள் போய்க் குண்டு போட்டுவிட்டு வந்துவிட்டனவாம். தங்கசாமி லட்டு டப்பாவோடு வந்தார். என்னோடு வேலை பார்த்தவர், ரிட்டயர் ஆனபிறகு கட்சிக்காரராகிவிட்டார். எனக்கு ஒரு லட்டை வாயிலேயே ஊட்டினார். ஜெனிபா வாங்கிக்கொள்ளவில்லை.

“மாமா, இனி அவங்க திருப்பி அடிப்பாங்கல்லா? அங்கன நிக்கது யாரு?” என்றாள்.

தங்கசாமி முன்னால் இப்படிக் கேட்டுவிட்டாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மார்ச் 10, ஞாயிறு

தேர்தல் தேதி வந்துவிட்டது. நமக்கு ஏப்ரல் 18. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், பெரிய வியாழக்கிழமை.

எட்டுத் தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். ஒரு ஓட்டு முன்னே பின்னே ஆனது கிடையாது. 1998இல் ஒருவன் செத்துப்போன அண்ணன் ஓட்டைப் போட வந்தான். ஊரே எனக்கு எதிராக நின்றது, நான் விடவில்லை. அடுத்தவன் ஓட்டில் கை வைப்பது அவன் வாயைத் தைப்பது மாதிரி என்று அன்றைக்குப் பெரிதாகப் பேசினேன்.

இப்போது எனக்கே இரண்டு ஓட்டு. ராணுவத்தில் இருப்பவன் தபாலில் ஓட்டுப் போடலாம், இல்லாவிட்டால் தன் ஊரில் ஒருவரைப் பதிலியாக எழுதிக் கொடுக்கலாம். கிறிஸ்வின் என்னை எழுதிக் கொடுத்திருக்கிறான். எனக்கு ஆள்காட்டி விரலில் மை, அவனுக்காக என் நடுவிரலில் மை. 2016இல் அப்படித்தான் போட்டேன். அவன் சொன்ன சின்னம் எனக்குப் பிடிக்காத சின்னம். அப்படியும் அதற்குத்தான் போட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கிறிஸ்வின் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

துரைப்பாண்டிக்குக் கால் போய்விட்டது. திருவேங்கடம் ஊர்ப் பையன், கிறிஸ்வினோடு ஒன்றாக ஆளெடுப்புக்கு ஓடியவன், பட்டாளத்திலும் ஒரே கம்பெனி. ரோந்து போகும்போது கண்ணிவெடி. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

“நாந்தான்ப்பா தூக்கிட்டு வந்தேன்.”

கோவில் வாசலிலிருந்து ஒதுங்கிப் போய் நின்று கேட்டேன். பிறகு அவனே ஓட்டு விஷயத்துக்கு வந்தான். “இந்தத் தடவ என் ஓட்ட, மேடை போட்டு சண்ட சண்டன்னு கத்துதாம்லா, அவனுக்கு மட்டும் போட்டுறாதீங்க. எதுத்து நிக்கவனுக்குப் போடுங்க. அவன் ஒண்ணும் யோக்கியன்னு சொல்லல. இவனுவ எங்கள வச்சு ஓட்டுக் கேக்கானுவப்பா. அது எனக்குப் பிடிக்கல.”

சரி என்றேன்.

மார்ச் 25, திங்கள்

தூக்கமில்லை. அந்தப் பையன் இந்த வீட்டில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ஊற்றி மூன்று தட்டுச் சோறு தின்றிருக்கிறான். அவன் காலை எடுத்தவனைச் சும்மா விடுவதா? கிறிஸ்வின் பயந்துபோய்ப் பேசுகிறான். பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு அப்படித்தான் இருக்கும். தள்ளி நிற்கிற நாம்தானே சரியாக யோசிக்க வேண்டும்?

ஏப்ரல் 7, ஞாயிறு

எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

தங்கசாமி ஒரு வாரமாக நச்சரித்தார். “சும்மா வந்து நில்லுங்க சார். ஒங்க மவன் எல்லையில நிக்காம்லா, ஊரு பாக்கட்டும்.” தேரடியில் பொதுக்கூட்டம். ராணுவத்தைப் பிரச்சாரத்துக்கு இழுக்கக் கூடாது என்று தேர்தல் ஆணையம் சொல்லியிருப்பதை அவருக்கு நானே எடுத்துச் சொன்னேன். சொல்லிவிட்டு வேட்டி மாற்றிக்கொண்டு போனேன்.

கிறிஸ்வினுடைய யூனிபார்ம் படத்தைப் பெரிதாக அடித்து வைத்திருந்தார்கள். தங்கசாமி என் போனிலிருந்து எடுத்தது. அதை என் கையில் கொடுத்து, பொன்னாடை போர்த்தினார்கள். பேச வந்தவன் வெளியூர்க்காரன், குரல் என்றால் அப்படியொரு குரல். “இந்தத் தகப்பன் ஓட்டுப் போடப்போவது ஒரு சின்னத்துக்கு இல்லை, தன் மகன் கையிலிருக்கும் துப்பாக்கிக்கு” என்றான். கூட்டம் கை தட்டியது. எனக்குக் கண்ணீர் வந்தது. பொய்க் கண்ணீர் இல்லை. ரிட்டயர் ஆகி மூன்று வருஷத்தில் என்னை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஜெனிபா பொன்னாடையைப் பார்த்துவிட்டு, “சாப்பிடுங்க மாமா” என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 17, புதன்

அவன் சொன்னபடிதான் போடுவேன். அதில் மாற்றமில்லை.

ஏப்ரல் 18, பெரிய வியாழன்

ஏழேகாலுக்கே வரிசையில் நின்றுவிட்டேன். என் ஓட்டு எதற்கு என்பதில் எனக்குக் குழப்பமில்லை, போட்டேன். பிறகு பதிலிப் பட்டியலைப் பார்த்து, நடுவிரலில் மை வைத்து, மறுபடி உள்ளே அனுப்பினார்கள்.

மறைப்புக்குள் நிற்கிறேன். அவன் சொன்ன பொத்தான் தெரிகிறது. கையைக் கொண்டுபோனேன். துரைப்பாண்டியின் கால் ஞாபகத்துக்கு வந்தது. நான் பார்க்காத கால். அந்தப் பேச்சாளனின் குரலும் கூடவே வந்தது. பிறகு என் விரல் மேலே போய் முதலில் அமுக்கிய பொத்தானையே அமுக்கியது. விரல் போனது என்று எழுதுகிறேன் பார், விரலா போகும்? நான்தான் அமுக்கினேன்.

கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு வந்து நின்றது. ஏழு வினாடி தெரியும். கிறிஸ்வினுடைய ஓட்டில் என்னுடைய சின்னம். அது அறுந்து பெட்டிக்குள் விழும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டுச் சொல்ல ஆள் கிடையாது, திரும்ப எடுக்க வழி கிடையாது. இந்த விதியை எட்டுத் தேர்தலில் நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் கோவிலில் திருவிருந்து. முழங்கால்படியிட்டு அப்பத்துக்குக் கை நீட்டினேன். அப்பம் கொடுத்த எங்கள் சபை ஐயர் விரல்களைப் பார்த்துச் சிரித்து, “ரெண்டு ஓட்டா சார்?” என்று மெதுவாகக் கேட்டார். “ஒண்ணு மகனுது” என்றேன்.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

கிறிஸ்வின் பேசினான். “போட்டாச்சாப்பா?” “போட்டாச்சு.” “நான் சொன்னதுக்குத்தான?” “ம்.”

மே 23, வியாழன்

யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்பது ஊருக்கே தெரியும், நான் எழுத வேண்டாம். லட்சக்கணக்கில் வித்தியாசம் சொல்கிறார்கள். ஒரு ஓட்டு எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. இதைக் காலையிலிருந்து எனக்கு நானே பத்துத் தடவை சொல்லிவிட்டேன். தங்கசாமி லட்டு கொண்டுவந்தார். சர்க்கரை கூடியிருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

கிறிஸ்வின் லீவில் வந்து ஐந்து நாளாகிறது. இளைத்துவிட்டான். குக்கர் விசில் அடித்தால் தோள் குலுங்குகிறது.

இன்றைக்கு இருவருமாகத் திருவேங்கடம் போனோம், துரைப்பாண்டியைப் பார்க்க. ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து போன வாரம்தான் வீட்டுக்கு வந்திருக்கிறான். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எந்திரிக்கப் பார்த்து, முடியாமல், சிரித்தான். “வாங்க சார்வாள்” என்றான். கால் இருந்த இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் பார்த்தேன்.

காப்பி குடிக்கும்போது அவன்தான் பேச்சை எடுத்தான். “எனக்கு ஓட்டுப் போடுத தாளே வரல சார்வாள். ஆஸ்பத்திரியில கெடந்தேன், எங்க அனுப்புனானுவளோ. ஒண்ணும் வருத்தமில்ல. இவன் சொன்னான், எங்கப்பா எனக்காவப் போட்டுருவாரு, அதுல ஒன் ஓட்டும் இருக்குன்னு நெனச்சுக்கோலேன்னு. அப்படியே நெனச்சுக்கிட்டேன்.”

டம்ளரைக் கீழே வைத்தேன். இருமுவதுபோல எழுந்து வெளியே போனேன்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் கூட்டமில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பாதி வழியில் சொல்லிவிட்டேன். “எய்யா, ஒன் ஓட்ட நான் மாத்திப் போட்டுட்டேன்.” அவன் ஜன்னலுக்கு வெளியே கரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். உன் நல்லதுக்குத்தான், துரைப்பாண்டி காலுக்காகத்தான் என்று என்னென்னவோ உளறினேன். அறுபத்தொரு வயசுக் கிழவன், கண்டக்டர் பார்க்க அழுதேன்.

எங்கள் ஊர் சங்கரன்கோவில் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினபிறகுதான் வாயைத் திறந்தான்.

“மேடையில என் போட்டோவப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்கள்லா, அது வாட்சப்புல எங்க கம்பெனிக்கே வந்துட்டுப்பா. அன்னைக்கே நெனச்சேன். அப்புறம், சே, எங்கப்பா ஓட்டுல பிசக மாட்டாருன்னு விட்டுட்டேன்.”

நான் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தேன்.

“அங்கன எந்திரின்னா எந்திரிக்கோம், சுடுன்னா சுடுதோம். ஒத்த விஷயந்தான் என் இஷ்டத்துக்கு இருந்துச்சு. அதுலயும் ஆர்டர் போட்டுட்டீங்க.”

கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். ஜெனிபாவுக்குப் பிடிக்குமே என்று பழக்கடையில் ஒரு கிலோ மாம்பழம் வாங்கினான். வீடுவரை பையை என்னிடம் கொடுக்காமல் அவனே தூக்கிவந்தான்.

ஜூலை 9, செவ்வாய்

ரயிலேற்றிவிட்டு வந்தோம். பெட்டியில் ஏறுமுன் எப்போதும்போல் “ஜெபம் பண்ணுங்கப்பா” என்றான். தலையில் கை வைத்துப் பண்ணினேன். ஆமென் சொன்னான். ஓட்டைப் பற்றி அதற்குப்பிறகு ஒருநாளும் பேசவில்லை. இனிப் பேசவும் மாட்டான், இறந்துபோன அவன் அம்மாவின் பிடிவாதம் அப்படியே அவனுக்கு.

2020 ஜூன் 17, புதன்

இந்தத் தடவை சீன எல்லை. டிவியில் மறுபடியும் அதே மாதிரிக் குரல்கள், அடி, விடாதே என்று. கிறிஸ்வின் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. டிவியை அணைத்துவிட்டேன். தங்கசாமி கூப்பிட்டார், எடுக்கவில்லை.

2021 ஏப்ரல் 6, செவ்வாய்

சட்டமன்றத் தேர்தல். கொரோனாவுக்காக வலது கைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள். முகக்கவசத்துக்குள் மூச்சு முட்டியது.

ஒரு மாதமாகக் கிறிஸ்வின் சொல்லுவான் சொல்லுவான் என்று காத்திருந்தேன். போனில் சர்க்கரை எவ்வளவு, மாத்திரை போட்டீங்களா, இவ்வளவுதான். நானாகக் கேட்கவும் துணிச்சலில்லை. அவன் சொல்லாவிட்டாலும் 2019இல் சொன்ன அதே சின்னத்துக்குப் போட்டுவிடுவது என்று முடிவுசெய்துகொண்டு போனேன்.

மை வைக்கிற இடத்தில் ஒரு சின்ன வயசு டீச்சர். இடது கையை நீட்டினேன், இரண்டு விரலையும் சேர்த்து. அந்தப் பெண் ஒன்றில் வைத்துவிட்டு, “போங்க சார்” என்றது.

“பதிலி ஓட்டு ஒண்ணு இருக்கும்மா. மகன் ராணுவத்துல.”

பட்டியலை விரல் வைத்துத் தேடிப் படித்தது. “கிறிஸ்வின். பதிலி வாக்காளர் ஜெனிபா. ஒங்க பேரு இல்லையே சார்.”

பெண்கள் வரிசையில் ஜெனிபா நாலாவதாக நின்றிருந்தாள். கேட்டிருப்பாள். என்னைப் பார்க்கவில்லை, வாக்காளர் சீட்டை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். நான் நடுவிரலை மடக்கிக்கொண்டு உள்ளே போய் என் ஓட்டை மட்டும் போட்டுவிட்டு வந்தேன்.

மத்தியானம் சோறு போட்டாள். கரண்டி பிடித்தது வலது கை. தட்டுக்குப் பக்கத்தில் ஊன்றியிருந்த இடது கையில் இரண்டு விரலில் மை. இன்னும் ஈரம் போகாத கறுப்பு.

“எப்ப மாத்துனான்?” என்று கேட்டேன்.

“அந்த லீவுலயே மாமா. போறதுக்கு ரெண்டு நாளு முன்ன. ஒங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுட்டாவ. சங்கடப்படுவீங்கன்னு.”

அப்படியென்றால் என் ஜெபத்துக்குத் தலை குனிந்து நின்றபோது ஏற்கெனவே மாற்றியிருந்தான். ரசச் சோற்றைப் பிசைந்தேன். எந்தச் சின்னம் என்று கேட்கவில்லை, அதைக் கேட்க எனக்கு உரிமை கிடையாது.

“அவன் சொன்னபடி போட்டியாம்மா?”

“ஆமா மாமா.”

அவள் போட்டிருப்பாள். மோர் ஊற்றட்டுமா என்று கேட்டாள். ஊற்று என்றேன்.